ஒரு பங்கு ஒரு லட்சம்: திருவொற்றியூர்க் கொட்டகையில் தொடங்கிய கணக்கு

2023 ஜூன் 13 அன்று எம்.ஆர்.எஃப். (மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி) என்ற டயர் நிறுவனத்தின் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியப் பங்குச் சந்தையில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த விலையைத் தொட்டதில்லை. அதிலிருந்து மூன்று கேள்விகள் ஓயாமல் சுற்றிவருகின்றன. டயர் விற்கும் நிறுவனத்தின் பங்கு எப்படி ஒரு லட்சம் ஆகும்? அப்படியானால் நாட்டிலேயே பெரிய நிறுவனம் இதுதானா? ஒரு லட்ச ரூபாய்ப் பங்குக்கு மூன்று ரூபாய் டிவிடெண்ட் (பங்குதாரருக்குத் தரும் லாபத் தொகை) என்று அறிவிக்கிறார்களே, இது என்ன கணக்கு?

இவற்றுக்கான பதிலில் பாதி கூட்டல் கழித்தல். மீதிப் பாதி ஒரு குடும்பத்தின் வரலாறு. வரலாற்றை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த விலை ஏதோ மாயவித்தை போலத்தான் தெரியும்.

முதலில் கணக்கு

நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கின் விலை வரும். எம்.ஆர்.எஃப்.பின் மொத்தப் பங்குகள் 42,41,143. ஒரு பங்கு ஒரு லட்சம் என்றால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 42,400 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் ரிலையன்ஸ், டி.சி.எஸ். போன்றவற்றின் மதிப்பு பல லட்சம் கோடி. அந்த வரிசையில் இதற்கு இடமே இல்லை.

இதே தொழிலில் உள்ள அப்போலோ டயர்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் பங்குகள் சுமார் 63.5 கோடி. எம்.ஆர்.எஃப். ஒரு லட்சத்தைத் தொட்ட நாட்களில் அப்போலோவின் ஒரு பங்கு சுமார் 400 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் 250 மடங்கு வித்தியாசம். நிறுவன மதிப்பைப் பார்த்தால் இரண்டு மடங்குகூட இல்லை. எம்.ஆர்.எஃப்.பும் தன்னை 63.5 கோடிப் பங்குகளாகக் கூறுபோட்டிருந்தால் அன்று அதன் பங்கு விலை 670 ரூபாய்க்குள் இருந்திருக்கும். யாரும் செய்தியாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆக, “விலை ஏன் இவ்வளவு அதிகம்” என்பது சரியான கேள்வி அல்ல. “பங்குகள் ஏன் இவ்வளவு குறைவு” என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் 1930களுக்குப் போக வேண்டியிருக்கிறது.

மூழ்கிய வங்கி

இது கோட்டயத்தை வேராகக் கொண்ட கண்டத்தில் என்ற சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். மலையாள மனோரமா நாளிதழும் இவர்களுடையதுதான். கே.சி. மாம்மன் மாப்பிள்ளை அதன் ஆசிரியர். கூடவே வங்கியும் நடத்தினார். 1937-ல் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லம் வங்கியும் ஒன்றாக இணைந்தன. அடுத்த ஆண்டே, போட்ட பணத்தை எடுக்கக் கூட்டம் முண்டியடிக்க, வங்கி கதவைச் சாத்தியது. அந்த அதிர்ச்சி தென்னிந்தியா முழுவதும் வங்கிகளைப் பதறவைத்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அரசியல் பகையால் வங்கியைக் கவிழ்த்தார் என்பது குடும்பத்தின் தரப்பு. வங்கியின் நிலைமையே சரியில்லை என்பது எதிர்த்தரப்பு. எது எப்படியோ, மனோரமா அச்சகத்துக்குச் சீல் வைக்கப்பட்டது, மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார், குடும்பத்தின் சொத்து கரைந்தது. நாளிதழ் மறுபடி வெளிவர 1947 ஆயிற்று.

அவருடைய மகன்களில் ஒருவர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1922-ல் பிறந்தவர். அப்பா, மகன் இருவர் பெயரும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பல கட்டுரைகளில் ஆள் மாறிவிடுகிறது. முதலெழுத்தைக் கவனித்துப் படிப்பது நல்லது. மகன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். ஊரில் வீடு நொடித்துப்போயிருந்த காலம் அது.

அடுத்தவர் பணத்தை வைத்து நடத்திய தொழில் ஒரே ஆண்டில் மண்ணோடு மண்ணானதைக் கண்ணால் பார்த்தவர், பின்னாளில் தன் தொழிலுக்கு எப்படிப் பணம் திரட்டினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். இரண்டுக்கும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான். ஆனால் எண்கள் அந்த ஊகத்துக்கு ஒத்துப்போகின்றன.

பலூன்: குறைந்த முதல், நிறைய உழைப்பு

1946-ல் மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். பலூன் ஏன்? ரப்பர் தொழிலில் மிகக் குறைந்த முதலீட்டில் செய்யக்கூடியது அதுதான். ரப்பர் பாலில் கந்தகமும் சில ரசாயனங்களும் கலந்து, அச்சை முக்கி எடுத்து, உலர்த்தி, சூடேற்றினால் பலூன் தயார். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். செய்த பலூனைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் அவரே கடை கடையாக ஏறி இறங்கினார். 1949-ல் தம்புச் செட்டித் தெரு 334-ம் எண்ணில் முதல் அலுவலகம் வந்தது. பொம்மை, கையுறை, ஆணுறை என்று பாலில் முக்கி எடுக்கும் சரக்குகள் கூடின.

இந்தக் கட்டம் கதையாகச் சொல்ல நன்றாக இருக்கும். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது பலூன் அல்ல.

ட்ரெட் ரப்பர்: திருப்பம் நடந்த இடம்

லாரி டயரை இரண்டு பகுதியாகப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது கூடு. லாரிக்காரர்கள் கேசிங் என்பார்கள். நூல் அடுக்குகளும், சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் எஃகுக் கம்பி வளையமும் சேர்ந்த உடம்பு அது. மேலே சாலையில் உரசுவது தடித்த ரப்பர் பட்டை. பேச்சுவழக்கில் பட்டன் என்கிறோமே, அந்த வரிகள் இதில்தான் இருக்கின்றன. பட்டன் தேய்ந்து டயர் மொட்டையான பிறகும் கேசிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைத் தூக்கி எறிவது, செருப்பின் அடி தேய்ந்ததற்காக வாரையும் சேர்த்து எறிவது போல.

ரீட்ரேடிங் என்பது இதற்கான வழி:

1. தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டிச் சீராக்க வேண்டும்.
2. ரப்பர் பசை பூசி, அதன் மேல் புதிய ரப்பர் பட்டையைச் சுற்ற வேண்டும்.
3. அச்சுக்குள் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுக்க வேண்டும். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும். பட்டை கேசிங்கோடு ஒட்டி இறுகும்.

இரண்டாவது படியில் வருகிற அந்தப் புதிய பட்டைதான் ட்ரெட் ரப்பர். டயரின் ஆயுள் நீளும். செலவோ புது டயர் விலையில் ஒரு பகுதிதான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உறவினர் ஒருவருடைய ரீட்ரேடிங் பட்டறைக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ட்ரெட் ரப்பர் கொடுப்பதை மாம்மன் மாப்பிள்ளை கவனித்தார். நாமே ஏன் செய்யக்கூடாது என்று 1952-ல் இறங்கினார். யோசித்துப் பார்த்தால் இந்த முடிவின் கூர்மை விளங்கும். முழு டயர் செய்யக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும், நுட்பம் வேண்டும், உரிமம் வேண்டும். ட்ரெட் ரப்பருக்கு ரப்பரைக் கரியோடும் கந்தகத்தோடும் பிசைகிற ஆலையும், சரியான கலவையும் போதும். அதே சமயம், கலவை கெட்டால் லாரி நடுவழியில் நிற்கும். தரம் உடனே தெரிந்துவிடும். தேயும் பொருள் என்பதால் வாங்கியவர் மறுபடி வந்தே தீர வேண்டும். பலூன் வாங்கும் குழந்தைக்கும் லாரி முதலாளிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நான்கே ஆண்டுகளில், 1956 வாக்கில், இந்தியாவின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி எம்.ஆர்.எஃப். கையில் இருந்தது. லாரி முதலாளிகள், ரீட்ரேடிங் பட்டறைகள், டயர் வியாபாரிகள் என்று ஊர் ஊராக ஒரு வலை உருவாகிவிட்டது. டயர் தொழிலுக்குள் நுழையும்போது அந்தக் குடும்பத்திடம் பெரும் பணம் இல்லை. இந்த வலை இருந்தது.

டயர்: கடன் வாங்கிய நுட்பம், சொந்தச் சாலை

அன்றைய இந்திய டயர் சந்தை டன்லப், ஃபயர்ஸ்டோன், குட்இயர் போன்ற வெளிநாட்டுப் பெயர்களின் கோட்டை. டன்லப் 1936 முதலே வங்காளத்தின் சாகஞ்சில் ஆலை வைத்திருந்தது. உள்நாட்டு நிறுவனம் நுழைய வேண்டுமானால் யாரிடமாவது நுட்பம் வாங்கித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு டயர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1960-ல் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி தனியார் நிறுவனமாகப் பதிவானது. 1961-ல் பொது நிறுவனமாகிப் பங்குகளை மக்களுக்கு விற்றது. முகமதிப்பு, அதாவது பங்குக்கு ஏட்டில் குறித்த மதிப்பு, 10 ரூபாய். 2023-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிய பங்கு அதுதான்.

மான்ஸ்ஃபீல்டின் நுட்பம் இந்தியச் சாலைக்குச் சரிப்படவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைக்காக வடிவமைத்த டயர் இங்கே வெயில், குழி, அளவுக்கு மீறிய பாரம் மூன்றையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருந்தது. பாரம் கூடினால் டயரின் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த அசைவு சூடாக மாறும். சூடு ஏறினால் ரப்பரும் நூலும் பிரிந்துகொள்ளும். லாரி டயர் வெடிப்பதில் பாதிக் கதை இதுதான். அதனால் அறுபதுகளின் தொடக்கத்திலேயே திருவொற்றியூரில் சொந்த ஆராய்ச்சி மையம் அமைத்தார்கள். 1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தார்கள். 1973-ல் நைலான் நூல் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கூடுதல் பாரத்தைத் தாங்குவதில் ரேயான் நூலைவிட நைலான் கெட்டி என்பதால் லாரிக்காரர்களிடம் அது எடுபட்டது. எழுபதுகளில் கோட்டயம், கோவா, அரக்கோணம் ஆலைகள் வந்தன. மான்ஸ்ஃபீல்டு உறவு 1979-ல் முடிந்தது. நிறுவனத்தின் பெயர் எம்.ஆர்.எஃப். லிமிடெட் என்றானது.

டயரைத் தோளுக்கு மேல் தூக்கி நிற்கும் அந்தப் பயில்வான் சின்னம் 1964-ல் வந்தது. லாரி ஓட்டுநர்களுக்கு டயரில் என்ன வேண்டும் என்று கேட்டதில், பலம் என்ற ஒற்றைச் சொல் திரும்பத் திரும்ப வந்ததன் விளைவு. விளம்பரத்துறையின் அலிக் பதம்சி உருவாக்கியது.

கிரிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. சென்னை சேத்துப்பட்டில் 1987-ல் ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் டென்னிஸ் லில்லியைக் கொண்டு தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்துக்குப் பந்துவீச்சாளராக வந்த ஒரு சிறுவனை, பேட்டிங்கைக் கவனி என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னாளில் அந்த டெண்டுல்கரின் மட்டையிலேயே எம்.ஆர்.எஃப். எழுத்து ஒட்டியிருந்தது.

பங்கு எண்ணிக்கை ஏன் பெருகவில்லை?

நிறுவனத்தின் பங்கு எண்ணிக்கை கூடுவதற்கு வழிகள் சில உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் தவறான விளக்கங்கள் உலவுகின்றன.

1. பங்குப் பிரிப்பு. 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை ஒரு ரூபாய்ப் பங்குகள் பத்தாக உடைப்பது. நூறு ரூபாய்த் தாளுக்குப் பத்துப் பத்து ரூபாய்ச் சில்லறை வாங்குவது போல. யாருடைய சொத்தும் மாறாது. எம்.ஆர்.எஃப். இதைச் செய்யவில்லை.
2. போனஸ் பங்கு. இருப்பில் உள்ள லாபத்தை மூலதனமாக மாற்றி, ஏற்கெனவே பங்கு வைத்திருப்போருக்கு இலவசமாகத் தருவது. இதிலும் யார் பங்கும் குறையாது. எம்.ஆர்.எஃப். 1970-ல் இரண்டுக்கு ஒன்று, 1975-ல் பத்துக்கு மூன்று என்று கொடுத்தது. நூறு பங்கு வைத்திருந்தவருக்கு 195 ஆயிற்று. அதன் பிறகு போனஸ் இல்லை.
3. புதுப் பங்கு விற்று முதல் திரட்டுதல். இதில்தான் பழையவர்களின் பிடி தளரும்.

“குடும்பம் கட்டுப்பாட்டை இழக்கக்கூடாது என்பதற்காகப் பங்கைப் பிரிக்கவில்லை” என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. பிரிப்பதால் கட்டுப்பாடு ஒரு துளியும் குறையாது. பிரிக்காததன் உண்மையான விளைவு வேறு: சிறு முதலீட்டாளர் உள்ளே வர முடியாது, கைமாறும் பங்குகள் குறைவு, அன்றாடச் சூதாட்டமும் குறைவு. இந்தியாவில் அரைப் பங்கு, கால் பங்கு என்று வாங்கவும் வழியில்லை. முழு விலையையும் மொத்தமாக எடுத்துவைத்தால்தான் ஒரு பங்கு.

கட்டுப்பாட்டுக்கும் வரலாற்றுக்கும் தொடர்புள்ளது மூன்றாவது வழி. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் (எல்லாப் பங்குகளின் முகமதிப்பையும் கூட்டிய தொகை) இன்றும் 4.24 கோடி ரூபாய்தான். ஆண்டுக்கு 25,000 கோடிக்கு மேல் விற்பனை செய்யும் நிறுவனத்துக்கு இது நம்ப முடியாத அளவுக்குச் சின்னத் தொகை. அப்படியானால் ஆலைகள் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி லாபத்தைத் திரும்பத் தொழிலிலேயே போட்டதிலிருந்து.

மூன்று ரூபாய் டிவிடெண்ட்

இதைப் புரிந்துகொள்ள மூன்று ரூபாய்க் கேலியே நல்ல வாசல். டிவிடெண்டைச் சந்தை விலையில் அறிவிப்பதில்லை. முகமதிப்பில் சதவீதமாக அறிவிக்கிறார்கள். 10 ரூபாய்ப் பங்குக்கு மூன்று ரூபாய் என்பது ஏட்டளவில் 30 சதவீதம். மேலும், மூன்று ரூபாய் என்பது இடைக்கால டிவிடெண்ட். ஆண்டில் இரண்டு முறை வரும். பெரிய தொகை ஆண்டு இறுதியில் வரும். 2023–24-ல் 3, 3, 194 என்று மொத்தம் 200 ரூபாய்.

இப்போது இதை லாபத்தோடு ஒப்பிடலாம். துணை நிறுவனங்களையும் சேர்த்து அந்த ஆண்டின் ஒருங்கிணைந்த நிகர லாபம் சுமார் 2,081 கோடி. டிவிடெண்டாகப் போனது 85 கோடிக்குள். நூறு ரூபாய் சம்பாதித்து நான்கு ரூபாயைப் பங்குதாரருக்குக் கொடுத்துவிட்டு 96 ரூபாயை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் 4.24 கோடி மூலதனத்தின் மேல் பதினாறாயிரம் கோடிக்கும் மேற்பட்ட இருப்பு நிற்கிறது. வெளியார் பணத்தில் ஓடிய வங்கி மூழ்கிய வீட்டிலிருந்து வந்தவர்கள் கட்டிய நிறுவனத்தின் கணக்கேடு இப்படி இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேலி செய்பவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. நான்கு சதவீதம் என்பது கஞ்சத்தனம்தான். டிவிடெண்டை நம்பி வாழ நினைப்பவருக்கு இந்தப் பங்கு உதவாது.

28 சதவீதத்தில் ஆள்வது எப்படி?

நிறுவனர் குடும்பத்தின் கையில் இருப்பது சுமார் 28 சதவீதப் பங்குகள்தான். பாதிக்கும் மேல் வைத்திருக்கும் பல இந்தியக் குடும்ப நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. மீதி ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதால் எதிர்த்து ஒன்று திரள யாருமில்லை. நிறுவனர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 2003-ல் காலமானார். மகன் கே.எம். மாம்மன் தலைவரானார்; இன்னொரு மகன் அருண் மாம்மன் துணைத் தலைவர்; பேரன் ராகுல் மாம்மன் மாப்பிள்ளை நிர்வாக இயக்குநர். இயக்குநர் குழுவில் குடும்பப் பெயர்கள் நிறையவே உண்டு. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வைத்துக்கொண்டு தலைமைப் பதவிகள் அனைத்தையும் வீட்டுக்குள் வைப்பது சரியா என்ற கேள்வியைப் பங்குதாரர்கள் கேட்கலாம். லாபம் வரும்வரை கேட்பவர்கள் குறைவு.

குடும்பக் கட்டுப்பாட்டின் இறுக்கம் தொழிலாளர் பக்கமும் தெரிந்தது. அரக்கோணம் ஆலையில் தொழிற்சங்க அங்கீகாரம் குறித்த தகராறு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழுவரை போயிற்று.

போட்டி ஆணையத்தின் வழக்கு

டயர் நிறுவனங்கள் 2011–12 காலத்தில் விலையைத் தங்களுக்குள் பேசிவைத்து உயர்த்தின என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018-ல் முடிவுக்கு வந்தது. எம்.ஆர்.எஃப். நீதிமன்றம் போனதால் ஆணை உறைக்குள்ளேயே இருந்து, 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. ஐந்து நிறுவனங்களுக்கு மொத்த அபராதம் 1,788 கோடி; எம்.ஆர்.எஃப்.புக்கு அதிகபட்சமாக 622 கோடி. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. எனவே “622 கோடி கட்டியது” என்று எழுதுவதும் தவறு, “குற்றமற்றது என்று விடுவிக்கப்பட்டது” என்று எழுதுவதும் தவறு.

குற்றச்சாட்டின் பின்னணி புரிய வேண்டும். லாரி டயரை மாற்றும்போது வாங்குபவருக்குத் தெரிவு ஐந்தாறு பெயர்களுக்குள்தான். அந்த ஐந்தாறு பேரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து விலைத் தகவல்களைப் பகிர்ந்துகொண்டால், பேசிவைப்பதற்கும் தற்செயலாக ஒன்றாக ஏற்றுவதற்கும் உள்ள கோடு மெல்லியதாகிவிடும்.

விலையை உண்மையில் அசைப்பது எது?

2022–23-ல் எம்.ஆர்.எஃப்.பின் நிகர லாபம் சுமார் 769 கோடி. அடுத்த ஆண்டு 2,081 கோடி. ஒரே ஆண்டில் இரண்டரை மடங்குக்கு மேல் பெருகியதற்கு முக்கியக் காரணம் மூலப்பொருள் விலை இறங்கியதுதான். டயரின் செலவில் பெரும்பகுதி இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் பிளாக், நூல். இயற்கை ரப்பரைத் தவிர மற்றவை பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. ஆக, இந்தப் பங்கின் விலையைக் கவனிப்பவர் எண்ணெய் விலையையும் கோட்டயத்து ரப்பர் விலையையும் கவனித்தாக வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கோட்டயத்திலும், நம் குலசேகரம் பக்கத்திலும் விடியற்காலையில் பால் வெட்டி, ஷீட் அடித்து விற்பவருக்கு விலை இறங்கினால் நஷ்டம். அதே இறக்கம் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள எம்.ஆர்.எஃப். தலைமை அலுவலகத்துக்கு லாபம். ரப்பர் விளையும் ஊரிலிருந்து புறப்பட்ட குடும்பம், ரப்பர் மலிவாக இருந்தால் ஆதாயம் பெறும் பக்கத்துக்கு வந்துசேர்ந்து எழுபது ஆண்டுகளாகின்றன.

பலூனும் முற்றாகப் போய்விடவில்லை. குழந்தைகளுக்கான ஃபன்ஸ்கூல் பொம்மைகள் இதே குழுமத்தினுடையவை. 1987-ல் தொடங்கியது அது.